அவர்கள் கோபித்துக்கொள்வார்களாம்

மதம் பற்றிய கட்டுரைகளை நிறுத்திவைக்கச் சொல்லி என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் பக்தர்கள் அல்லர். பக்தர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று அவர்கள் சார்பில் முன்கூட்டியே பயந்தவர்கள். ஒரு வார இதழில் கருத்துப் பக்கத்தையும் வாசகர் கடிதங்களையும் நீண்ட காலம் பார்த்துக்கொண்டவன் நான். விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவர் வருவார், பிறகு அச்சகத்திலிருந்து, கடைசியில் நிர்வாகியே வருவார். “இது வேண்டாம் சார், பிரச்சினை ஆகும்.” யாரால் என்று கேட்டால் “அவர்களால்” என்பார்கள். அந்த அவர்கள் யார் என்று கேட்டால் ஒரு முழு மதத்தையும் கையை வீசிக் காட்டுவார்கள்.

இதை முன்னெச்சரிக்கை என்று சொல்லிக்கொள்ளலாம். மரியாதை என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஒரு கேலிச்சித்திரத்தைப் பார்த்ததும் கத்தியை எடுத்துவிடுவார்கள் என்று கோடிக்கணக்கான மனிதர்களைப் பற்றி நினைப்பதில் என்ன மரியாதை? அந்த மதத்தவர் அனைவரும் வன்முறையாளர்கள் என்று மேடையில் முழங்குகிறவரும் இதைத்தான் சொல்கிறார். நம் நிர்வாகி கதவைச் சாத்திக்கொண்டு மெதுவான குரலில் சொல்கிறார், அவ்வளவுதான். “என் மதத்தவர் அத்தனை பேருக்காகவும் நான் பேசுகிறேன்” என்பது தீவிரவாதியின் முதல் பொய். பயந்தவர், வெறுப்பவர் இருவரும் அந்தப் பொய்யைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறார்கள். அத்தனை பேரும் சேர்ந்து அவனுக்கு எப்போது வக்காலத்து எழுதிக் கொடுத்தார்கள் என்று இருவருமே விசாரிப்பதில்லை.

ஒரு கட்டுரையைப் பற்றிச் சொல்கிறேன். எழுதியவர் ஆழ்ந்த பக்தி உள்ள பெண். தான் வழிபடச் செல்லும் இடத்தின் நிர்வாகக் குழுவில் பெண்களுக்கு ஏன் இடமில்லை என்று கேட்டிருந்தார். தன் மதத்தின் நூல்களிலிருந்தே மேற்கோள்களும் காட்டியிருந்தார். எந்த மதம் என்று நான் எழுதப்போவதில்லை. படிக்கிறவர் மனத்தில் இந்நேரம் ஒரு மதம் தானாக வந்து அமர்ந்திருக்கும். அதை அவரே கவனித்துக்கொள்ளட்டும்.

வழக்கமான எச்சரிக்கைகளைத் தாண்டிக் கட்டுரை வெளிவந்தது. கடிதங்கள் கட்டாக வந்தன. அவர் காட்டிய மேற்கோளின் எண் தவறு என்று ஒரு முதியவர் திருத்தியிருந்தார். கருத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மத குரு ஒருவர் பக்கம் பக்கமாக மறுப்பு எழுதி, முழுமையாக வெளியிட வேண்டும், வெட்டக் கூடாது என்று நிபந்தனையும் போட்டிருந்தார். ‘எங்கள் ஊரில் பெண்கள் குழுவில் இருக்கிறார்கள், இவருக்குத் தெரியாது போலும்’ என்று ஒரு கடிதம். பெயரில்லாமல் வசைபாடிய கடிதங்களும் வந்தன, மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டை முழுக்கப் படித்தவனுக்கு ‘அவர்கள் என்ன சொல்கிறார்கள்’ என்று ஒரே வரியில் சொல்லத் தெரியாது. அந்தக் கடிதங்களை எழுதியவர்கள் ஒருவரோடு ஒருவர் உடன்படவில்லை.

தொலைபேசியில் மிரட்டியவர்களிடம் கேட்பதற்கு எனக்கு ஒரே ஒரு கேள்விதான் உண்டு: “எந்தப் பத்தி உங்களைப் புண்படுத்தியது?” படித்தவர் உடனே சொல்லிவிடுவார், அங்கிருந்து உரையாடல் தொடங்கிவிடும், சில நேரம் அவர் சொல்வதில் நியாயமும் இருக்கும். படிக்காதவர் குரலை உயர்த்துவார், அல்லது இணைப்பைத் துண்டிப்பார். செய்தித்தாளோ பள்ளிக்கூடமோ நூலகமோ, எங்கே வேலை செய்தாலும் இந்தக் கேள்வியைப் பழகிக்கொள்ளச் சொல்வேன். 2020 அக்டோபரில் பிரான்சில் சாமுவேல் பாட்டி என்ற ஆசிரியர் தலை துண்டிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். கருத்துச் சுதந்திரம் பற்றிய பாடத்தில் நபிகள் நாயகம் பற்றிய கேலிச்சித்திரங்களைக் காட்டினார் என்பதுதான் எழுந்த கோபத்துக்குக் காரணம். முஸ்லிம் மாணவர்களை வகுப்பை விட்டு வெளியேறச் சொன்னார் என்று வீட்டில் புகார் சொன்ன மாணவி அந்த வகுப்பிலேயே இருக்கவில்லை. அவள் பொய்ப் புகார் சொன்ன குற்றத்தை 2023-ல் நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்தப் புகாரை வைத்து இணையத்தில் தீ மூட்டிய பெரியவர்கள், அவள் அங்கே இருந்தாளா என்பதை உறுதிசெய்துகொண்டு தொடங்கவில்லை.

கட்டுரை எழுதிய பெண்ணை உண்மையில் வதைத்தவை வசைக் கடிதங்கள் அல்ல, பாராட்டுக் கடிதங்கள். “பாருங்கள், அவர்கள் வீட்டுப் பெண்ணே ஒப்புக்கொண்டுவிட்டாள்” என்ற தொனியில் வெளியிலிருந்து வந்தவை. “நான் வீட்டைப் பெருக்க வேண்டும் என்றேன், இவர்கள் இடிப்பதற்கு ஆள் கூட்டி வருகிறார்கள்” என்றார் அவர். அவற்றை என்ன செய்வது என்று ஆசிரியர் குழுவில் நெடுநேரம் பேசினோம். நிர்வாகக் குழுவில் பெண்களின் இடம் என்ற விஷயத்தைத் தொட்ட கடிதம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் போடுவது, விஷயத்தை விட்டுவிட்டு மதத்தவர்களை நோக்கித் திரும்பிய கடிதத்தைப் போடாதிருப்பது என்று முடிவாயிற்று. இதைத் தணிக்கை என்றவர்களும் உண்டு. நம்பிக்கையையும் சடங்கையும் குருவையும் நூலையும் எவ்வளவு கடுமையாகவும் விமர்சிக்கலாம், கேலியும் செய்யலாம் என்பது என் நிலை. பிறப்பாலோ பக்தியாலோ அதில் இருக்கும் மனிதர்களை ஒட்டுமொத்தமாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது விமர்சனம் இல்லை. அதை வெளியிட மறுப்பது ஓர் இதழின் உரிமை; அதற்காக எழுதியவரைச் சிறையில் தள்ள வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

தீவிரவாதியின் கத்தி முதலில் யார் மீது பாய்கிறது என்று பாருங்கள். பல நேரம் அது அவன் மதத்தவர் மீதுதான். 1993 ஜூலை 2 அன்று துருக்கியின் சிவாஸ் நகரில், கலை விழாவுக்கு வந்தவர்கள் தங்கியிருந்த ஓட்டலுக்கு ஒரு கும்பல் தீ வைத்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் அலெவி என்ற முஸ்லிம் மரபைச் சேர்ந்த கவிஞர்கள், பாடகர்கள், இளைஞர்கள். பாகிஸ்தானின் மர்தான் நகரில் 2017 ஏப்ரலில் மஷால் கான் என்ற மாணவரை மதநிந்தனை செய்தார் என்று சொல்லிப் பல்கலைக்கழக வளாகத்திலேயே அடித்துக் கொன்றார்கள். அவர் அப்படி எதையும் செய்ததற்கு ஆதாரமில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. பல்கலைக்கழக நிர்வாகத்தை வெளிப்படையாக விமர்சித்துவந்தவர் அவர். அதே நாட்டில் மதநிந்தனைக் குற்றச்சாட்டில் 2010-ல் மரண தண்டனை பெற்ற ஆசியா பீபி என்ற கிறிஸ்தவப் பெண்ணுக்காகப் பேசிய ஆளுநர் சல்மான் தசீர், 2011 ஜனவரியில் தன் மெய்க்காவலராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் முஸ்லிம். 2018 அக்டோபர் 31 அன்று ஆசியா பீபியை விடுதலை செய்த உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் முஸ்லிம்கள்தான். தீர்ப்பில் குர்ஆன் வசனங்களையே மேற்கோள் காட்டியிருந்தார்கள். தெருவில் கூடிய கும்பல் தூக்கிலிடச் சொல்லிக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தது. இவர்களில் அந்த மதத்தின் பிரதிநிதி யார்? கேள்வியே தவறு என்பதுதான் என் பதில்.

இலங்கையில் 2019 ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் ஆட்கள் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2017 மார்ச்சில், காத்தான்குடியில் மோதியது யாரோடு? சூஃபி வழியைப் பின்பற்றும் முஸ்லிம்களோடு. அதன் பிறகுதான் அவர் தலைமறைவானார். அவரைக் கைது செய்யக் கோரித் தெருவில் நின்றதும் புகார் கொடுத்ததும் அந்த ஊர் முஸ்லிம்களே. அந்தப் புகார்களுக்குக் காது கொடுக்கப்படவில்லை. குண்டு வெடித்த மறுமாதம், புகார் கொடுத்தவர்கள் எவர், மறைந்து திரிந்தவன் எவன் என்ற வேறுபாடெல்லாம் பார்க்காத கும்பல்கள் வடமேல் மாகாணத்தில் பள்ளிவாசல்களையும் முஸ்லிம்களின் கடைகளையும் அடித்து நொறுக்கின. ஒருவர் கொல்லப்பட்டார்.

அடுத்து நடந்ததைத் தமிழில் எழுதுகிறவர்கள் அனைவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தமிழில் கவிதை எழுதும் இளம் ஆசிரியர் அஹ்னாஃப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைது செய்யப்பட்டார். அவருடைய கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்பது குற்றச்சாட்டு. வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் அந்தத் தொகுப்பிலேயே இருந்தன. ஒன்றரை ஆண்டுக்கும் மேல் அடைத்துவைக்கப்பட்டு, 2021 டிசம்பரில் பிணையில் வந்தார்; 2023 டிசம்பரில் விடுவிக்கப்பட்டார். ஈஸ்டர் தாக்குதலுக்கு மூன்று வாரம் முன்பு அதே நாட்டில் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர், பௌத்த துறவிகளைப் பற்றிய ஒரு சிறுகதைக்காகக் கைதாகி நான்கு மாதங்களுக்கு மேல் காவலில் இருந்தார். அவர் மீது பாய்ந்தது, குடிமை அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையை நடைமுறைப்படுத்தவென்று 2007-ல் கொண்டுவந்த சட்டம். உரிமைகளைக் காக்க வந்த சட்டம் பேசியவனைப் பிடித்தது. ஒருவர் சிறுபான்மை மதத்தவர், இன்னொருவர் பெரும்பான்மை மதத்தின் துறவிகளைப் பற்றி எழுதியவர். இரண்டு வழக்கிலும் ஒரு மதம் முழுவதையும் ஒரே ஆளாகப் பார்த்த கண்தான் வேலை செய்தது. ஒன்றில் அந்த ஆள் சந்தேகத்துக்குரியவர், மற்றதில் புண்பட்டவர்.

அப்படியானால் வெறுப்புப் பேச்சை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். எங்கே கோடு போடுவது என்பதற்கு எனக்கு உதவியது ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் முயற்சியில் 2012-ல் மொராக்கோவின் ரபாத் நகரில் வகுக்கப்பட்ட செயல்திட்டம். பேச்சு தூண்டுதலாக மாறிவிட்டதா என்று பார்க்க அது ஆறு விஷயங்களை எடைபோடச் சொல்கிறது: சூழல், பேசியவரின் நிலை, நோக்கம், உள்ளடக்கமும் வடிவமும், பேச்சின் பரவல், தீங்கு நேர்வதற்கான வாய்ப்பு. ‘யாராவது புண்பட்டார்களா’ என்பது அந்த ஆறில் கிடையாது. மதநிந்தனைச் சட்டங்களை நீக்கும்படியும் அதே திட்டம் பரிந்துரைக்கிறது. எங்கள் அலுவலகத்தில் இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்தேன். ஒரு மூலையில் அமர்ந்து கடவுள் இல்லை என்று எழுதுகிறவரும், கலவரம் நடக்கும் ஊரில் ஆயிரம் பேர் முன்னால் ‘அந்தத் தெருவுக்குப் போங்கள்’ என்று பேசுகிற தலைவரும் ஒரே தட்டில் வைக்கப்பட வேண்டியவர்கள் அல்லர் என்பது அந்தத் தாளைப் பார்த்தால் எவருக்கும் விளங்கிவிடும். விளங்கிக்கொள்ள மனம் வேண்டும், அவ்வளவே.

செய்தி எழுதும்போது வேறு சங்கடங்கள். குண்டு வெடித்த முதல் சில மணி நேரம் மிக ஆபத்தானது. 1995-ல் ஓக்லஹோமா நகரில் 168 பேர் இறந்தபோது மத்திய கிழக்கைக் கைகாட்டிய நிபுணர்கள் உடனே திரைகளில் தோன்றினார்கள். குண்டு வைத்தவன் அமெரிக்க ராணுவத்தில் இருந்த வெள்ளையன். 2011 ஜூலையில் நார்வேயில் 77 பேர் கொல்லப்பட்டபோதும் அதே கதைதான். கொன்றவன் முஸ்லிம்களை வெறுத்தவன், தன்னைக் கிறிஸ்தவ ஐரோப்பாவின் வீரனாக எண்ணிக்கொண்டவன். எனவே எங்கள் மேசையில், நோக்கம் உறுதியாகும்வரை மதம் தலைப்பில் வராது. உறுதியான பிறகும் ‘இன்ன மதத்தவர்’ என்று எழுதாமல் அமைப்பின் பெயரை, ஆளின் பெயரை எழுதுவோம். ஒரு வாக்கியத்தில் சந்தேகம் வந்தால் அதிலுள்ள மதத்தின் பெயரை எடுத்துவிட்டு என் மதத்தின் பெயரைப் போட்டுப் படிப்பேன். உறுத்தினால் மாற்றி எழுதுவேன்.

இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 1948 ஜனவரி 30 அன்று காந்தி சுடப்பட்டபோது, சுட்டவர் ஓர் இந்து என்பதை வானொலி சேர்த்தே அறிவித்தது. பிரிவினையின் ரத்தம் காயாத நேரம் அது. அந்த ஒரு சொல் இல்லாதிருந்தால் வதந்தி எத்தனை உயிர்களைக் குடித்திருக்கும் என்று கற்பனை செய்யவே அச்சமாக இருக்கிறது. ‘மதத்தைச் சொல்லாதே’ என்பதும் மந்திரம் இல்லை. சொன்னால் யாருக்குப் பாதுகாப்பு, சொல்லாவிட்டால் யாருக்கு ஆபத்து என்று ஒவ்வொரு முறையும் யோசிக்கத்தான் வேண்டும்.

பொதுமைப்படுத்தலின் விலையைக் கொடுப்பவர்கள் யார் என்பதற்கு அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு நடந்தவையே போதும். நான்கு நாள் கழித்து அரிசோனாவில் பல்பீர் சிங் சோதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் சீக்கியர், தலைப்பாகையும் தாடியும் சுட்டவனுக்குப் போதுமாக இருந்தன. டெக்சாஸில் ‘அரேபியர்களை’ப் பழிவாங்கக் கிளம்பிய மார்க் ஸ்ட்ரோமன் கொன்றது ஒரு பாகிஸ்தானியரையும் ஓர் இந்திய இந்துவையும். வங்கதேசத்தவரான ரைஸ் புய்யான் ஒரு கண்ணின் பார்வையை இழந்து உயிர்பிழைத்தார். ஸ்ட்ரோமனுக்கு மரண தண்டனை வேண்டாம் என்று பின்னாளில் வழக்காடியவரும் அவரே. அதற்குத் தன் மதம் போதிக்கும் மன்னிப்பைக் காரணமாகச் சொன்னார். 2011 ஜூலையில் தண்டனை நிறைவேற்றப்பட்டுவிட்டது.

2015 ஜனவரியில் பாரிஸில் சார்லி ஹெப்டோ என்ற நையாண்டி இதழைத் தாக்கிப் பன்னிரண்டு பேரைக் கொன்றார்கள். இறந்தவர்களில் ஒருவர் அந்த இதழின் மெய்ப்புத் திருத்துநர் முஸ்தபா உராட், அல்ஜீரியாவில் பிறந்தவர். என் தொழில் என்பதாலோ என்னவோ அவரை மறக்க முடியவில்லை. பிழை திருத்துகிறவனுக்கு யாரும் சிலை வைப்பதில்லை. வெளியே சாலையில் கொல்லப்பட்ட காவலர் அஹ்மத் மெராபெத் முஸ்லிம். இரண்டு நாள் கழித்து யூதர்களின் பல்பொருள் அங்காடி ஒன்றில் ஆட்கள் பிணை பிடிக்கப்பட்டபோது, வாடிக்கையாளர்களைக் கீழ்த்தளத்துக் குளிர் அறையில் ஒளித்துவைத்தவர் அங்கே வேலை பார்த்த மாலி நாட்டு முஸ்லிம் லசானா பதீலி. தப்பி வெளியே வந்து தகவல் சொல்ல முயன்ற அவருக்குப் போலீஸ் முதலில் மாட்டியது கைவிலங்கு. குடியுரிமை பிறகு வந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன். ‘கொன்றவர்கள் உண்மையான பக்தர்களே இல்லை, இதற்கும் மதத்துக்கும் தொடர்பில்லை’ என்று ஒவ்வொரு முறையும் வரும் அறிக்கை எனக்கு அலுத்துவிட்டது. தொடர்பு இருக்கிறது. அவர்கள் நூலை மேற்கோள் காட்டித்தான் ஆள் சேர்க்கிறார்கள், குருக்கள் சிலர் ஆசி வழங்கத்தான் செய்கிறார்கள். எந்த வசனம், எந்தப் பாடம், எந்தப் பணம் என்று துருவ வேண்டிய வேலை பத்திரிகையாளனுக்கு இருக்கிறது. முதலில் அந்த மதத்துக்குள்ளேயே இருக்கும் சீர்திருத்தக்காரர்களுக்கும் இருக்கிறது. துருவினால் புண்படுவார்கள் என்று நிறுத்துவதால் கைவிடப்படுகிறவர்கள் அந்தச் சீர்திருத்தக்காரர்கள்தான். அதே நேரம், எங்கோ எவனோ செய்த கொலைக்குப் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்து ‘நீங்கள் ஏன் கண்டிக்கவில்லை’ என்று கேட்பது அநாகரிகம். அவர் கண்டித்திருப்பார், நாம் கேட்கும் இடத்தில் நின்று கண்டித்திருக்க மாட்டார்.

மிரட்டல் வரும்போது என்ன செய்வது என்று இளைய சகாக்கள் கேட்பார்கள். குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள், படம் எடுத்து வையுங்கள். பேசியது என்ன, எந்த நேரம் என்று உடனே எழுதிவையுங்கள். எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். எழுதியவரைத் தனியே பேட்டிக்கு அனுப்பாதீர்கள். முடிந்தால் இதழ் தன் பெயரில் தலையங்கமாகவே பொறுப்பேற்கட்டும். மறுப்புக்கு இடம் கொடுங்கள், அதே அளவு எழுத்தில், அதே பக்கத்தில். மன்னிப்பு கேட்கச் சொன்னால் தகவல் பிழைக்கு மட்டும் கேளுங்கள், கருத்துக்கு வேண்டாம். பேச்சுவார்த்தை என்று யாராவது அழைத்தால், எதிரில் அமர்ந்திருப்பவர் யார் சார்பில் வந்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். அதிகம் சத்தம் போட்டவரையே சமூகத் தலைவராக்கி நாற்காலி போட்டுக் கொடுப்பது அலுவலகங்களுக்கு உள்ள பழைய கெட்ட பழக்கம். நாங்கள் அந்த மத குருவின் மறுப்பை வெட்டாமல் முழுவதும் போட்டோம். அதை மறுத்து அவருடைய மதத்தவர்களே எழுதியவற்றையும் போட்டோம்.

‘அவர்கள் எல்லாருமே’ என்று தொடங்கும் கடிதங்களைக் குப்பையில் போடாமல், ‘உங்களுக்கு நடந்தது என்ன, செய்தது யார்’ என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்புவது என் வழக்கம். பலர் பதில் எழுதுவதில்லை. ஒருவர் எழுதினார். ஒரு மதத்தவர் முழுவதையும் அடாவடிக்காரர்கள் என்று ஏசியவர், இரண்டாம் கடிதத்தில் குறிப்பிட்ட ஒரு வழிபாட்டிடத்தின் ஒலிபெருக்கி, தேர்வுக்குப் படிக்கும் மகன், புகாரை வாங்க மறுத்த காவல் அலுவலர் என்று எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருந்தார். நல்ல கடிதம், போட்டோம். அந்த வழிபாட்டிடத்தின் செயலாளர் பதில் எழுதினார்: இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைப்பதில்லை என்று. ஒன்பதரைக்கே மகன் தூங்கிவிடுவான் என்று இவர் எழுதினார். தேர்வுக்குப் படிப்பதாக அல்லவா சொன்னீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். ‘இத்துடன் இந்த விவாதம் நிறைவடைகிறது’ என்று போட்டு முடித்துவைத்தேன். இருவரும் அடுத்த வாரமும் எழுதினார்கள்.